கருப்பைக்கு ஓய்வு எப்போது?

என்னிடம் பயின்ற பெண் ஒருவர், 2024இல் எண்டோமெட்ரியோசிஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கருப்பை உட்படலத்தை ஒத்த திசு வெளியே வளர்ந்து வதைக்கும் நோய் அது. மருத்துவர் நான்கு வாரம் ஓய்வு சொன்னார். அவரோ பத்தாம் நாளே பணிக்குத் திரும்பினார்.

சம்பளம் 24,000 ரூபாய். இஎஸ்ஐ வரம்போ 21,000. வரம்புக்குள் இருந்து சந்தாவும் செலுத்தியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 விழுக்காடு ஊதியம் கிடைத்திருக்கும். மூவாயிரம் கூடுதலாக ஈட்டியதற்கு இப்படியொரு தண்டம்!

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரமும், பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இரு வாரமும் ஊதிய விடுப்பு வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே பின்பற்றுகிறது. பிள்ளைப்பேற்றோடு தொடர்பிருந்தால்தான் கருப்பை சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது.

மலச்சிக்கல் கூடாதென்று கீரையும் பயறும் நிறையத் தண்ணீரும் மருத்துவர் பரிந்துரைத்தார். கழிப்பறைக்குச் செல்வதையும் கணக்கிடும் அலுவலகத்தில் அவர் தண்ணீரைத்தான் குறைத்துக்கொண்டார். அந்த இரு வார விடுப்பையேனும் இந்நோயின் அறுவைக்கும் நீட்டுவதில் அரசுக்கு என்ன தயக்கம்?