கம்பிவேலி போட்ட பிறகு கருத்துக் கேட்டு என்ன பயன்?



எங்கள் ஊருக்கு சோலார் கம்பெனி வரும் சேதியை முதலில் சொன்னது ஜேசிபிதான். அதற்கு முன்பு புரோக்கர்கள் மட்டும் வந்துபோனார்கள். பட்டா யார் பேரில், வாரிசு எத்தனை பேர், திருப்பூரில் இருக்கிற தம்பி கையெழுத்துப் போடுவாரா என்று துருவினார்கள். நிலம் எதற்கு என்றால் தோப்பு வைக்க என்றார்கள்.

இன்று கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடையை மண்தள்ளி மேடாக்கி, அதன்மேல் கம்பிவேலி போட்டாயிற்று. போன ஐப்பசி மழையில் வெள்ளம் வேலியோரமாகத் திரும்பி, முளைத்து நாலு இலை விட்டிருந்த உளுந்தை அரித்துக்கொண்டு போனது. கண்மாயிலோ முழங்கால் தண்ணீர்கூடச் சேரவில்லை. வண்டிப்பாதையும் ஆடு மேய்ந்த தரிசும் வேலிக்குள் போய்விட்டன. ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது வாட்ச்மேன் வேலையும் தகடு கழுவும் வேலையும். அதுவும் காண்டிராக்டர் தயவில்.

கேட்டால், சட்டப்படி உங்களைக் கேட்க வேண்டியதில்லை என்கிறார்கள். உண்மைதான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களில் சோலாரும் காற்றாலையும் சேராது. அனுமதி இல்லையென்றால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. புகை வராது என்பதற்காகக் கொடுத்த சலுகை இது. நிலம் போகிறதே! ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் நிலையம் பிடித்த இடம் சுமார் 2,500 ஏக்கர். எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பது செயற்கைக்கோள் படம் பார்த்து பிளான் போடுகிறவருக்குத் தெரியாது, ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும்.

சோலாரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஊருக்கும் பங்கு வேண்டும் என்கிறோம். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல், சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கியது. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. ஓர் ஊராட்சியே முதலாளியாக இருக்க முடியுமென்றால், கம்பெனி வரும் ஊர்களுக்கு வருமானத்தில் ஒரு பங்கு கேட்பது பேராசையா?

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சாக்கடைக்கும் சிமென்ட் ரோட்டுக்கும் தீர்மானம் போடும் அந்தச் சபையில், ஓடையும் பாதையும் மேய்ச்சலும் குறித்த வரைபடத்தை வைத்துக் காட்டி, ஊர் ஒப்பிய பிறகே நிலையத்துக்கு மின் இணைப்பு என்று அரசு உத்தரவு போட வேண்டும். எங்கள் ஓடை மண்ணை அடுத்த ஐப்பசிக்குள் அள்ள வேண்டும். மனு கொடுத்திருக்கிறோம், இதுவரை கையில் இருப்பது ரசீது மட்டும்தான்.

இப்படிக்கு,
கரிசல்காட்டு விவசாயி ஒருவர்