பேயா, விஞ்ஞானமா?

பம்மலில் முன்னொரு காலத்தில் இருந்த வாடகை நூல் நிலையமொன்றில், வாரப் பத்திரிகைத் தாள்களைக் கத்தரித்துச் சணல் நூலால் தைத்திருந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவல் என் கைக்கு வந்தபோது, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒருவர் பென்சிலால் 'பேய்தான்' என்றும், அதன் கீழே மற்றொருவர் நீல மையில் 'இல்லை, விஞ்ஞானம்' என்றும் எழுதியிருக்கக் கண்டேன்.

கதையில் நிகழும் விளங்காத சம்பவங்களுக்கு, லேசர் ஒளியால் முப்பரிமாணப் பிம்பம் படைக்கும் ஹோலோகிராம் வித்தையைக் காரணமாகக் காண்கிறான் வழக்கறிஞன் கணேஷ். அமானுஷ்யத்தின் பக்கம் சாய்கிறான் அவன் உதவியாளன் வசந்த். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் எஞ்சினீயராகப் பணிபுரிந்த ஆசிரியரோ, சந்தேகத்தை முற்றிலும் துடைத்துவிடாமல் கதையை முடிக்கிறார். இதை வாசகனுக்கு இழைத்த வஞ்சனை என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை.

இப்படி ஐயத்தை எஞ்சவிடுவது துப்பறியும் கதைக்குப் புதிதன்று. துப்பறியும் ஸ்தாபனமொன்றில் உத்தியோகம் பார்த்த அமெரிக்கரான டாஷியல் ஹாமெட், 1920களில் 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில் எழுதிய கதைகளில், பெயரற்ற துப்பறிவாளன் குற்றவாளியைப் பிடித்த பின்னரும், நீதி நிலைநாட்டப்பட்டதா என்ற ஐயம் எஞ்சி நிற்பதுண்டு. ஹாமெட்டிடம் தர்மத்தைப் பற்றிய அந்த ஐயம், சுஜாதாவிடம் அறிவின் எல்லையைப் பற்றியதாகிறது.

ஆயினும், முடிவு திறந்திருப்பதால் எந்த வியாக்கியானமும் செல்லும் என்பதன்று; கதைக்குள் உள்ள சாட்சியங்களை நிறுத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் தீர்ப்பு நீல மையின் பக்கமே; ஆனால் அந்தப் பென்சில் எழுத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.