கடைசி நடை எத்தனை மணிக்கு?

வாழப்பாடியில் சேலம் கிரிக்கெட் மைதானம் 2020-ல் திறக்கப்பட்டது. ராகுல் திராவிட் வந்திருந்தார். பிறகு தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களும் அங்கே வந்தன. தருமபுரிக்காரர்கள் போய்வருவது எப்படி? சேலத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து வாழப்பாடிக்கு இன்னொன்று. இரவு ஆட்டம் முடிய 11 மணியாகும். சேலம் வந்து பெங்களூரு வண்டியைப் பிடித்துத் தருமபுரியில் இறங்கிவிடலாம். அதன்பிறகு பென்னாகரம் உள்கிராமங்களுக்குப் போக வேண்டியவர் பேருந்து நிலையத்திலேயே விடியவேண்டியதுதான். பைக் வைத்திருக்கும் பையன்கள் போகிறார்கள். அவர்களின் அக்கா தங்கைகள் டிவியில் பார்க்கிறார்கள்.

சென்னையில் அப்படியில்லை. சேப்பாக்கம் மைதானத்துக்கு அருகிலேயே பறக்கும் ரயில் நிற்கிறது. ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்தில் இலவசமாகவே போகலாம் என்ற ஏற்பாடும் இருந்தது.

பேஸ்பால் பித்துப் பிடித்த அமெரிக்காவிலும் தூரம் கூட்டத்தைக் குறைக்கும் கதை உண்டு. டாம்பா பே ரேஸ் அணி 2008-லும் 2020-லும் உலகத் தொடர் இறுதிவரை போனது. ஆனாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள அதன் அரங்கம் ஆண்டுக்கணக்கில் காற்று வாங்கியது. ரசிகர்களில் பெரும்பகுதியினர் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். வேலை நாள் மாலையில் பாலம் கடந்து வர வேண்டும். அட்லாண்டாவின் புதிய அரங்கத்துக்கு ரயிலே இல்லை, கூட்டம் குறையவில்லையே என்று கேட்கலாம். அங்கே வீட்டுக்கு வீடு கார். நம் ஊரில்?

இந்த நிலையில், சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் என்ற அரசுத் திட்டத்தை வரவேற்கிறோம். தருமபுரி மாவட்டத்தில் தொகுதிகள் ஐந்து. நம் அச்சம் இடத்தைப் பற்றியதுதான். புறம்போக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கட்டுவது அரசு வழக்கம். ஊருக்குள் நிலம் கிடைப்பது கஷ்டம் என்பதும் உண்மை. ஆனால் நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து திடல் வாசலில் நின்றால் அரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண் தினமும் பயிற்சிக்கு வருவாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டால், இருட்டும் நேரத்தில் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? தூரத்தின் சிரமம் நமக்குப் புதிதல்ல. சென்னை ரயிலுக்கு இன்றும் மொரப்பூருக்கு ஓடுகிறவர்கள் நாம்.

எனவே திடல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அமையட்டும். முடியாவிட்டால் நகரப் பேருந்து ஓடும் சாலையோரத்தில். இடம் தேர்வு செய்யும் கோப்பில் வட்டாட்சியரின் கையெழுத்தோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரின் கையெழுத்தும் வேண்டும்: எந்தத் தடம், கடைசி நடை எத்தனை மணிக்கு என்று எழுதி.