பால் வெட்டத் தெரிந்த கைக்கு மெசின் ஓட்டத் தெரியாதா?



"இறப்பர் கலக்க புது மெசின் வந்திருக்கிறது. அதற்குப் படித்த ஆட்கள் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சரிவராது." சாதாரண தரம் சித்தியடைந்த நம் பிள்ளைகள் ஒரு தொழிற்சாலை வாசலில் கேட்டுத் திரும்பிய பதில் இது. மூட்டை தூக்குவதென்றால் வேலை இருக்கிறதாம்!

அந்த மெசினை நாமும் தெரிந்துகொள்வோம். இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் என்பது அதன் பெயர். சூடேற்றிய நீண்ட இரும்புக் குழாய்க்குள் இரண்டு திருகுகள் ஒன்றின் இடுக்கில் மற்றது புகுந்து சுழலும். பிளாஸ்டிக் மணிகளும் சிறு துண்டாக வெட்டிய இறப்பரும் ஒரு முனையில் அளவாக விழும். கரித்தூளும் எண்ணெயும் வழியில் சேரும். திருகின் சில பகுதிகள் கலவையை முன்னே தள்ளும். சில பகுதிகள் ரொட்டி மா பிசைவதுபோல் பிசையும். மறுமுனையில் கயிறாக வந்து, குளிர்ந்து, மணியாக வெட்டுப்படும். வாகனக் கதவு ஓரத்துப் பட்டிகள் இப்படிப்பட்ட கலவையில் செய்யப்படுகின்றன.

இதில் மந்திரம் எங்கே? எது எவ்வளவு, எந்த இடத்தில் எத்தனை பாகை சூடு, திருகு எவ்வளவு வேகம்: கவனமும் கணக்கும் இருந்தால் பழகலாம். கத்தி ஒரு நூல் ஆழமாய்ப் போனாலும் மரம் காயப்படும் என்று விடியுமுன் நின்று பட்டை சீவுகிறவர்களின் பிள்ளைகளுக்கா கவனம் இல்லை?

மண்ணும் பட்டையும் கலந்த இறப்பர் உள்ளே போனால் திருகு தேயும், கலவை கெடும். ஆகவே பாலை வடித்து, ஒட்டுப்பாலில் பட்டை பொறுக்கும் நம் கைகளில்தான் அந்த மெசினின் வேலை தொடங்குகிறது.

ஆனால் கூலி கேட்டால், "இறப்பர் விலை விழுந்துவிட்டது" என்கிறார்கள். நாட் சம்பளம் 1000 ரூபாயாக, 2021 வரை எத்தனை வருடம் போராடினோம்! சீட்டின் விலையை மட்டும் மேசையில் வைக்கிறார்கள். அது கலவையாகி, டயராகிக் கப்பலேறும் விலையை வைப்பதில்லை.

2012இல் ஒன்றரை லட்சம் தொன்னாக இருந்த நாட்டின் இறப்பர் உற்பத்தி, பத்து வருடத்தில் பாதியளவுக்கு இறங்கியது. தொழிற்சாலைகள் வெளிநாட்டு இறப்பரை வாங்குகின்றன. இலைநோயும் மழையும் காரணம்தான். ஆனால் பால் வெட்ட ஆளில்லை என்று புலம்புகிறவர்கள், ஆட்கள் ஏன் போனார்கள் என்று கேட்டார்களா?

நாம் மெசினுக்கு எதிரிகள் அல்ல. கேட்பது மூன்று:

1. இறப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பயிற்சி தமிழில் வேண்டும். அதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்.

2. சூட்டுக்கும், சுழலும் திருகுக்கும், கரித்தூளுக்கும் உரிய எச்சரிக்கைகளும் பாதுகாப்பு விளக்கமும் தமிழிலும் இருக்க வேண்டும்.

3. சம்பளப் பேச்சில் முடிந்த பொருளின் விலையும் கணக்கில் வர வேண்டும்.

படிப்பு முடித்து லயத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். ஆண், பெண் இருவரும். அந்தப் பட்டியலோடு அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போவோம். "தகுதியான ஆள் இல்லை" என்ற வார்த்தை இனி நம் முன்னால் எடுபடக் கூடாது!