வரிந்து கட்டினால் வேகம் வருமா?

ஒரு வேலையில் முழுமூச்சாக இறங்குகிறவரை, 'வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்' என்கிறோம். மூட்டை தூக்குகிறவர் இடுப்பில் துண்டை இறுக்குவார். நாற்று நடுகிறவர் சேலையை இழுத்துச் செருகுவார். மல்யுத்த வீரர் லங்கோடு கட்டாமல் களத்தில் இறங்கமாட்டார். உடம்பை இறுக்கிக் கட்டினால் ஒரு தெம்பு வரும் என்பது நமக்குப் பழைய சங்கதி. அதுவே இன்று 'கம்ப்ரஷன் டைட்ஸ்' என்ற பெயரில் விளையாட்டுக் கடைகளில் தொங்குகிறது.

தருமபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கமெல்லாம் விடிகாலையில் ஓடும் பிள்ளைகளில் பலருக்கு போலீஸ் வேலை, ராணுவ வேலை என்று ஒரு கனவு இருக்கிறது. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். சில விநாடிகள் தாமதித்தாலும் அத்தனை மாத உழைப்பும் போச்சு. 'இதைப் போட்டால் வேகம் கூடும்' என்று ஒரு விளம்பரம் சொன்னால் பிள்ளைகள் கேட்கத்தானே செய்வார்கள்? வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் அப்பா அம்மாக்களுக்காகத்தான் இந்த வாரம்.

ஆஸ்பத்திரியில் பிறந்த உடை

காலுக்குப் போன ரத்தம் இதயத்துக்கு மேலேறி வர வேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, அதை மேலே தள்ளுகிறது. அந்த ஓட்டம் தடைப்பட்டால் கால் வீங்கும், நரம்பு சுருண்டு புடைக்கும். அமெரிக்காவில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளருக்கும் இந்தக் கோளாறு இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால்வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடுகிறதல்லவா? அதே கணக்கில் கணுக்காலில் அதிக இறுக்கமும், மேலே போகப் போகக் குறைந்த இறுக்கமும் உள்ள காலுறையை 1950 வாக்கில் உருவாக்கினார்.

விளையாட்டுக்கும் இது வைத்தியத்தின் வழியாகத்தான் வந்தது. 2001-இல் கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சன் முழங்கை வீக்கத்துக்காக கையை மூடும் ஓர் இறுக்கமான உறையை மாட்டிக்கொண்டு ஆடினார். அவர் ஆட்டத்தைப் பார்த்து, கையில் வலி இல்லாதவர்களும் மாட்டத் தொடங்கினார்கள்.

வேகம் வராது, சுகம் வரும்

விளையாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சேதி இதுதான்: இந்த உடையால் ஓடும் நேரம் பெரும்பாலும் குறைவதில்லை. கடினப் பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி ஓரளவு குறைகிறது என்று பலர் உணர்கிறார்கள். அதிலும் எவ்வளவு உடையால், எவ்வளவு நம்பிக்கையால் என்று பிரிப்பது கஷ்டம். மாத்திரையென்றால் வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம். இறுக்கமான உடையைப் போட்டவருக்கு அது இறுக்குவது தெரிந்துவிடுமே!

ஆனாலும் நிச்சயமான பலன்கள் உண்டு. தொடைகள் உரசிப் புண்ணாவது குறையும். ஓடும்போது தசை குலுங்குவது குறையும். ஷார்ட்ஸ் போட்டு ரோட்டில் ஓடக் கூச்சப்படும் பெண்ணுக்கு, உள்ளே ஒரு டைட்ஸ் இருந்தால் தயக்கம் போகும். தயக்கம் போனால் தினமும் ஓடுவாள். தினமும் ஓடினால் வேகம் தானாக வரும்.

பெண் பிள்ளைகளுக்கு டைட்ஸைவிட முக்கியமானது ஸ்போர்ட்ஸ் பிரா. இதுவும் இறுக்க உடைதான். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற பெண்ணும் அவருடைய தோழிகளும், ஆண் வீரர்கள் உள்ளே அணியும் 'ஜாக்ஸ்ட்ராப்' இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். மார்பு வலிக்குப் பயந்து ஓட்டத்தை நிறுத்தும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். வெட்கத்தில் மகள் கேட்கமாட்டாள். அம்மாதான் கேட்காமலே வாங்கித் தர வேண்டும்.

வாங்கும்போது, போடும்போது

* 'மீடியம்', 'லார்ஜ்' என்று ஊகத்தில் வாங்காதீர்கள். கெண்டைக்கால், தொடை, இடுப்பு மூன்றையும் டேப் வைத்து அளந்து, கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.
* கால் மரத்துப்போனாலோ, விரல்கள் நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும். இறுக்கம் கூடினால் பலனும் கூடும் என்பது தப்புக் கணக்கு.
* நம் ஊர் வெயிலில் வியர்வையோடு அப்படியே உட்கார்ந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். ஓடி முடித்ததும் கழற்றிக் குளித்துவிட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது.
* வெந்நீரில் ஊறவைத்தாலோ, அயர்ன் செய்தாலோ எலாஸ்டிக் இழை தளர்ந்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். தொளதொளத்த பிறகு அது சாதாரண லெக்கிங்ஸ்தான்.
* நீண்ட நாள் சர்க்கரை நோய், காலில் உணர்ச்சிக் குறைவு, ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. நரம்புச் சுருட்டலுக்கான காலுறை வேறு வகை. அதன் அழுத்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
* ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், காலுறை தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கையில் இருப்பது குறைந்த பணம்தான் என்றால் முதலில் காலுக்குப் பொருந்தும் நல்ல ஷூ. பெண் என்றால் அதோடு ஸ்போர்ட்ஸ் பிரா. டைட்ஸ் அதற்கு அப்புறம்தான். கேழ்வரகு விளையும் மாவட்டம் இது. களியும் கீரையும் பருப்பும் முட்டையும் தட்டில் இருக்கட்டும். ராத்திரி செல்போனை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையை நேரத்தோடு தூங்கச் சொல்லுங்கள். தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும்.

இதெல்லாம் சரியாக நடந்த பிறகும் பிள்ளை ஆசையாகக் கேட்டால், தாராளமாக ஒரு டைட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெம்பாக ஓடட்டும். விநாடியைக் குறைப்பது மட்டும் தினசரிப் பயிற்சியின் வேலை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.