நிழலை அளந்தவர்களுக்குப் பரிசு உண்டா?



பள்ளி விழாவில் தலைமையாசிரியர் அறிக்கை வாசிக்கத் தொடங்கியதும் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முன்வரிசையில் இருப்போர் கொட்டாவியை அடக்குவார்கள். பின்வரிசையில் இருப்போர் அடக்கக்கூட மாட்டார்கள்! நானும் மாணவனாக இருந்த காலத்தில் அப்படித்தான். இப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். அவ்வப்போது 'சிறப்பு விருந்தினர்' என்று மேடையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆகவே அறிக்கையை முழுதும் கேட்டாக வேண்டும்.

ஓசூருக்கு அருகே உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் அண்மையில் அப்படி ஓர் அறிக்கையைக் கேட்டேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஜூனில் தொடங்கிய முதல் பருவம் முடியும் தறுவாயில் நடந்த விழா அது. கபடியில் வட்டார அளவில் வெற்றி, கலைத்திருவிழாவில் பரிசுகள், கட்டுரைப் போட்டியில் இரண்டாமிடம், சுதந்திர தின அணிவகுப்பு, மரக்கன்று நடுதல், சென்ற ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு என்று எல்லாம் வரிசையாக வந்தன. நல்ல அறிக்கைதான். கைதட்டலும் நன்றாகவே கிடைத்தது.

ஆனால் அதில் ஒன்று இல்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நால்வர், இரண்டு பெண்களும் இரண்டு பையன்களும், ஜூலை மாதத்திலிருந்து ஒரு வேலையில் இறங்கியிருந்தார்கள். ஒரு மீட்டர் உயரமுள்ள இரும்புக் கம்பியை மைதானத்தில் நிமிர்த்தி நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளந்தார்கள். கன்னியாகுமரிக்கு அருகே என் பழைய மாணவர் ஒருவர் ஆசிரியராக இருக்கிறார். அவருடைய பள்ளியிலும் அதே உயரக் கம்பி, அதே நாள், அதே வேலை. நோக்கம் என்ன தெரியுமா? பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிப்பது!

எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இதைச் செய்தார் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் நாட்டில் அதைச் செய்ய ஓசூரும் கன்னியாகுமரியும் போல வசதியான ஜோடி அரிது. ஓசூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.74 டிகிரி வடக்கு, கன்னியாகுமரி 8.08 டிகிரி. தீர்க்கரேகையோ இரண்டுக்கும் அநேகமாக ஒன்றே, 77.8 டிகிரியும் 77.5 டிகிரியும். அதாவது ஓசூரிலிருந்து நேர் தெற்கே கோடு கிழித்தால் குமரியின் பக்கத்தில்தான் போய் முடியும். இரண்டு ஊர்களிலும் நண்பகல் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் வருகிறது.

ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19ஐ ஒட்டியும், ஓசூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கம்பிக்கு நிழலே இராது. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரும். ஆகஸ்டு முதல் பருவத்தின் நடுவே அமைகிறது. அன்று குமரியில் ஒரு மீட்டர் கம்பியின் நிழல் 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக, தெற்கு நோக்கி விழும். (நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று நினைத்திருந்தவர்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.) அந்த நிழலிலிருந்து கோணம் கணக்கிட்டால் 4.66 டிகிரி கிடைக்கும். இரண்டு ஊர்களுக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 517 கிலோமீட்டர். 4.66 டிகிரிக்கு 517 கிலோமீட்டர் என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? ஏழாம் வகுப்புக் கணக்குத்தான்! ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் வரும்.

காகிதத்தில் இவ்வளவு எளிது. மைதானத்தில் நடந்தது வேறு.

ஆகஸ்ட் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம் அல்லவா? மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், நிழல் நீளம், குறிப்பு என்று நான்கு கட்டம் கட்டியிருந்தார்கள். குறிப்புக் கட்டத்தில் பாதிக்கு மேல் 'மேகம்' என்ற ஒரே சொல்தான். நிழலில்லா நாளன்றும் மேகம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. இரண்டு ஊரிலும் ஒரே நாள் வெயில் இருந்தால் போதும், இரு கோணங்களையும் ஒப்பிட்டு அதே கணக்கைப் போடலாம். ஓசூரில் வெயில் அடித்த நாளில் குமரியில் தூறல். குமரியில் வெயில் அடித்த நாளில் ஓசூரில் மூடாப்பு. கடைசியில் இரண்டே நாள்தான் பொருந்தி வந்தது. ஒரு நாள் கணக்கில் பூமியின் சுற்றளவு 36,200 கி.மீ. என்று வந்தது. இன்னொரு நாள் 43,000 கி.மீ.!

இரண்டின் சராசரி 39,600. உண்மையான அளவுக்கு மிகவும் அருகில் இருக்கிறதே என்று வேறு யாரேனும் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவர்கள் அதன் கீழே எழுதியிருந்த வரி இது: "இரண்டு அளவுதான் இருக்கிறது. இது தற்செயலாக இருக்கலாம்." முதுநிலை மாணவர்களின் செய்முறை ஏடுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்துகிறேன். அப்படி ஒரு வரியை அவற்றில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் வெட்கப்பட வேண்டிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் போட்டிக்கு நடுவராக இருந்தேன். இதே சோதனையை இரண்டு குழுக்கள் கொண்டு வந்திருந்தன. ஒரு குழுவின் விடை கிட்டத்தட்ட 40,000, அழகான வண்ணப்படம். மற்றொரு குழுவின் விடை 36,000; அடித்தல் திருத்தலுடன் கூடிய நோட்டு. முதல் குழுவுக்கு அதிக மதிப்பெண் போட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் ஒரு மீட்டர் கம்பியின் நிழல் நுனி கூர்மையாக இராது; சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கலாகக் கலங்கியிருக்கும். 8.1 சென்டிமீட்டருக்குப் பதில் 9 என்று படித்தால் விடை 36,000 பக்கம் வந்துவிடும். சாதாரணக் கம்பியையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு நேர்மையாக அளந்தவனுக்கு வரக்கூடிய விடை அதுதான்! முதல் குழு ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "எப்படி இவ்வளவு சரியாக வந்தது?" என்று நான் கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை. இரண்டாவது குழு மாணவர்கள் யார் என்றுகூட இன்று எனக்குத் தெரியாது.

இனி ஓசூர் நால்வருக்கு வருவோம். அவர்களில் ஒரு மாணவி ஒருநாள் என்னிடம், "சார், 517 கிலோமீட்டர் என்று நிலப்படத்தைப் பார்த்துத்தானே போட்டோம்? பூமி எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்கள்தானே அந்தப் படத்தை வரைந்திருப்பார்கள்? அப்படியென்றால் நாம் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறோமா?" என்று கேட்டாள். எனக்குச் சற்று நேரம் பதில் வரவில்லை. "ஏம்மா, இதை வகுப்பில் கேட்டாயா?" என்றேன். "நேரமில்லை சார், சிறப்பு வகுப்பு" என்றாள்.

நல்ல கேள்வி, அதற்கு நல்ல விடையும் இருக்கிறது. அந்த 517 கிலோமீட்டரையும் யாரோ ஒருவர் தரையில் அளந்துதான் இருக்கிறார்கள். 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள நேர்கோடு ஒன்றை வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதை அடித்தளமாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாட்டின் குறுக்கே அளந்து சென்றார். பிறகு 78 டிகிரித் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து வடக்கே நீண்டது 'பெரும் வில்' என்ற நெடுங்கோடு. ஓசூர்ப் பகுதிக்கு அது பக்கத்து வீடு போல! 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மீது அவருடைய பெரிய கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அந்த அரை டன் கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்ப்டன் பல வாரங்கள் தனியே உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். இந்த விபத்து நமக்கு எப்படித் தெரியும்? நில அளவைத் துறையின் வரலாற்றில் வெற்றிகளோடு அதையும் எழுதி வைத்தார்கள், அதனால் தெரியும். மலையுச்சிகளில் கொடி பிடித்து நின்ற, சங்கிலி சுமந்த நூற்றுக்கணக்கான நம் ஊர்க்காரர்களின் பெயர்களைத்தான் எழுதாமல் விட்டார்கள்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியரிடம், "நிழல் அளந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் நல்ல மனிதர். "சொல்லலாம்தான் சார். ஆனால் சாதனை என்றால் கையில் ஏதாவது கிடைத்திருக்க வேண்டாமா? கோப்பை இல்லை, சான்றிதழ் இல்லை, விடைகூடச் சரியாக வரவில்லை. நான் அனுப்ப வேண்டிய படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது" என்றார். அவருடைய சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆசிரியர் பற்றாக்குறை ஒருபுறம், தேர்ச்சி விழுக்காடு கேட்கும் பெற்றோர் மறுபுறம்.

ஆனாலும் நான் அவரோடு உடன்படவில்லை. கோப்பையில் ஒரு குணம் உண்டு: ஒரு பள்ளி முதலிடம் பெற வேண்டுமானால் இன்னொரு பள்ளி இரண்டாமிடம் போயாக வேண்டும். விளையாட்டுக்கு அது சரி. நானும் கபடிக்குக் கைதட்டியவன்தான். பூமியை அளப்பதில் கதை வேறு. குமரிப் பள்ளி ஒழுங்காக அளந்தால்தான் ஓசூர்ப் பள்ளிக்கு விடை உண்டு. எந்தப் பள்ளியும் தனியாக நின்று பூமியை அளந்துவிட முடியாது!

பள்ளிக்குள்ளும் அப்படித்தான் நடந்தது. ஓசூரை நீங்கள் அறிவீர்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980இல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டு லாரியும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கே உருவாகத் தொடங்கின. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று எல்லை ஊருக்கே உரிய மொழிகளோடு, வேலை தேடி வந்த குடும்பங்களின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. கம்பியைக் கடைந்து கொடுத்தவர் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு மாணவியின் அப்பா. அது செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தவர் ஒரு மாணவனின் தாய்மாமா, கொத்தனார். தரைக்கு ரசமட்டமும் அவருடையதே. நால்வரில் ஒருவன் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். எண்களைத் தமிழில் சொல்லத் தடுமாறினாலும் நிழல் நுனியைக் குறிப்பதில் அவன் கைதான் ஆடாத கை என்று மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்ட் நடுவில் அவன் தந்தையின் ஒப்பந்த வேலை முடிந்து குடும்பமே வேறு ஊருக்குப் போய்விட்டது. நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பிறகு கையெழுத்து மாறியிருக்கிறது. அந்தப் பையன் இந்தப் பள்ளியில் படித்தான் என்பதற்கு, வருகைப் பதிவேடு தவிர, அந்தப் பக்கங்கள்தாம் சாட்சி.

வாய்ப்புகளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தம் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து தம் மொழியிலேயே அறிக்கை தரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993இல் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்கள் கையால் சோதனை செய்து பார்க்கத் தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. இவையெல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் 'பத்தாம் வகுப்புக்குத் தயாராகு' என்ற குரல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது.

நான் கேட்பது சிறிய காரியம். பருவ அறிக்கையில் ஒரே ஒரு பக்கம். இந்தப் பருவத்தில் பள்ளி எதை அளந்தது, யார் யார் அளந்தார்கள், யாருடைய உதவி கிடைத்தது, எங்கே தவறியது, விடை தெரியாமல் நிற்கும் கேள்வி எது என்று அதில் எழுதட்டும். பாதியில் ஊரை விட்டுப் போனவர்களின் பெயரும் இருக்கட்டும். தலைமையாசிரியருக்கு நேரமில்லையென்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள். வாசிக்க மாட்டேன் என்று சொல்லும் தலைமையாசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. இதற்குப் பரிசு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பரிசு வைத்தால் அடுத்த ஆண்டே எல்லோருக்கும் 40,000 வந்துவிடும்!

அடுத்த ஆகஸ்ட் 19ஐ ஒட்டி ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்கள் முயன்று பாருங்கள். கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது அளக்காதீர்கள். இந்தப் பகுதியில் அந்நாளில் உண்மையான நண்பகல் 12 மணி 22 நிமிடம் வாக்கில்தான் வரும். பத்து நிமிடம் முன்பே தொடங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை நுனியைக் குறியுங்கள். கம்பியின் உச்சியில் சிறு துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தினால் மங்கல் நிழலுக்குப் பதிலாக வட்டமான ஒளிப்பொட்டு விழும். அதன் மையத்தைக் குறிப்பது எளிது. தெற்கே ஒரு பள்ளியை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடை 36,000 என்று வந்தால் அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். மேகம் மறைத்த நாட்களின் கணக்கோடு.