பார்க்கவா, வேடிக்கை பார்க்கவா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. நிலவியல்)

எரிமலைகளின் வகைகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்தது. 'பெலேயன் வகை' என்று ஒன்றைக் குறித்துக்கொண்டோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா! அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு துறைமுக நகரமே புதைந்து கிடப்பதைப் பிறகுதான் நூலகத்தில் அறிந்தேன்.

கரிபியன் கடலில், பிரான்சின் ஆட்சியிலுள்ள மார்த்தினிக் தீவில் இருக்கிறது சேன்பியேர். 1635-இல் தோன்றிய ஊர். சர்க்கரையும் ரம்மும் கப்பலேறிய துறைமுகம். 'கரிபியனின் பாரிஸ்' என்று புகழப்பட்ட நகரம். 1902 மே 8 காலை எட்டு மணியளவில் பெலே மலை வெடித்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த முகில் சரிவில் பாய்ந்து வந்தது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின.

இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் செல்கிறார்கள். இடிந்த நாடக அரங்கின் படிகளில் நின்று படம் எடுக்கிறார்கள். மூழ்கிய கப்பல்களைக் காண முக்குளிக்கிறார்கள். சிபாரிஸ் என்ற கைதி உயிர் பிழைத்த சிறையறையை எட்டிப் பார்க்கிறார்கள். பிழைத்த மிகச் சிலருள் ஒருவர் அவர். பின்னர் அமெரிக்க சர்க்கஸ் ஒன்று, அந்த அறையைப் போலவே ஓர் அறை செய்து, அவரை அதில் வைத்து ஊர் ஊராகக் காட்டியது. மனிதனின் துயரமும் காட்சிப் பொருளாகி விட்டதே!

"காசு செலவழித்துப் போகிறவன் மகிழ்ச்சியாக இருக்கக் கூடாதா?" என்று விடுதி நண்பன் கேட்டான். தாராளமாக இருக்கட்டும். பயணிகள் வந்தால்தான் அந்த ஊராருக்கும் பிழைப்பு. ஆனால், இடிபாட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, முன்னுரையோடு புத்தகத்தை மூடிவிடுவது போன்றது என்பதே என் கருத்து.

மலை முன்னறிவிப்புச் செய்யாமல் இல்லை. வாரக்கணக்கில் சாம்பல் பொழிந்தது. மே 5-இல் சேற்றுவெள்ளம் ஒரு சர்க்கரை ஆலையையே தொழிலாளர்களோடு மூடியது. ஆயினும் அஞ்சத் தேவையில்லை என்றே அதிகாரிகள் கூறினர். மே 11-இல் தேர்தல் வேறு! வசதியுள்ள சிலர் வெளியேறினர். மலையடிவாரத்து ஏழைகளோ நகரமே பாதுகாப்பு என்று நம்பி உள்ளே வந்தனர். அவர்களோடு ஆளுநரும் மாண்டார்.

அந்த நாடக அரங்கு 1786-இல் எழுந்தபோது, தீவின் செல்வம் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1848 மே 22-இல் அதே நகரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே விடுதலை அறிவிக்கப்பட்டது. பிறகு கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டுமே! 1853-இல் இந்தியக் கூலிகளின் முதற் கப்பல் அதே துறையில் வந்து நின்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 இந்தியர்கள் அந்தத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்ற தமிழர்கள் அவர்களுள் ஏராளம்.

இதைப் படித்தபோது என் அப்பாவின் நினைவு வந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளி அவர். இன்றும் கைநாட்டுத்தான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே விரலை ஊன்றுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாமல் கப்பலேறியவர்கள் எனக்கு அந்நியர்களாகத் தோன்றவில்லை.

நண்பர்களே! என்றேனும் ஒருநாள் நம்மில் ஒருவர் அந்தத் துறைமுகத்தில் இறங்கலாம். அரங்கைப் பாருங்கள், மலையைப் பாருங்கள். அதற்கு முன் கப்பல் துறையில் சற்று நின்று, இங்கே யார் யார் இறக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். பெலேயன் வகைக்கு இரண்டு மதிப்பெண் போதும். அந்த மனிதர்களுக்குப் போதாது.